கடன் வாங்கிக் காணிக்கை வேண்டாம்

அன்புள்ள நண்பா,

ஸ்தோத்திரம். உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்து மறுபடியும் ஆராதனைக்குப் போகிறார்கள் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே சுகம். மகளுக்கு வேலை கிடைத்துவிட்டது. சம்பளம் சுமார்தான், ஆனால் ஞாயிற்றுக்கிழமை லீவு.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். கடன் வாங்கியாவது காணிக்கையை விதையுங்கள், நூறு மடங்காக அறுப்பீர்கள் என்று ஒருவர் பிரசங்கித்தாராம். வட்டிக்கு வாங்கலாமா என்று யோசிக்கிறாயாம். வாங்காதே. உன் விசுவாசம் குறைவு என்று இதற்கு அர்த்தமில்லை. 2 கொரிந்தியர் 8:12ஐ எடுத்துப் பார். மனவிருப்பம் இருந்தால் போதும், "அவனுக்கு இல்லாததின்படியல்ல, அவனுக்கு உள்ளதின்படியே அங்கிகரிக்கப்படும்" என்கிறார் பவுல். எருசலேமிலிருந்த ஏழை விசுவாசிகளுக்காகப் பணம் திரட்டும்போதுதான் இதை எழுதுகிறார். அவ்வளவு தேவை இருந்தும் யாரையும் அவர் கடனில் தள்ளவில்லை.

இரண்டு காசு போட்ட விதவையையும் அந்தப் பிரசங்கியார் சொன்னார் என்று எழுதியிருந்தாய். மாற்கு 12ஐக் கொஞ்சம் மேலேயிருந்து படி. விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிற வேதபாரகரை 40ஆம் வசனத்தில் இயேசு கண்டிக்கிறார். அடுத்த வசனத்திலேயே காணிக்கைப்பெட்டிக்கு எதிரே உட்கார்ந்து, ஜனங்கள் போடுகிறதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஐசுவரியவான்கள் அதிகம் போடுகிறார்கள். அப்புறம் அவள் வருகிறாள். ஒரு காசைப் போட்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டிருக்கலாம், இரண்டையும் போட்டாள். நூறு மடங்கு திரும்பி வரும் என்று இயேசு அவளிடம் சொல்லவே இல்லை. அவளைக் காட்டி, கையில் இல்லாதவர்களிடம் வசூல் செய்வதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. தசமபாகத்தை, அதாவது பத்தில் ஒரு பங்கைக் கொண்டுவாருங்கள் என்கிற மல்கியா 3:10ஐ மனப்பாடமாகச் சொல்கிறவர்கள் உபாகமம் 14:28, 29ஐயும் வாசிக்கட்டும். மூன்றாம் வருஷத்துத் தசமபாகம் ஆலய ஊழியம் செய்கிற லேவியனோடு பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் சாப்பிட்டுத் திருப்தியாவதற்கு என்று அங்கே இருக்கிறது.

கொடுக்கவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆக்ஸ்போர்டு காலத்து மெதடிஸ்டு ஒருவரைப் பற்றி, மெதடிஸ்டு இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி எழுதியிருக்கிறார் (அது அவரேதான் என்பார்கள்). வருஷம் 30 பவுண்டு வந்தபோது 28ல் வாழ்ந்து 2 கொடுத்தார். அடுத்த வருஷம் 60 வந்தது. அதே 28ல் வாழ்ந்து 32 கொடுத்தார். நான்காம் வருஷம் 120 வந்தது, 92 கொடுத்தார். வருமானம் கூடக்கூட ஏழைகளின் பங்குதான் கூடியது. படிக்கும்போதெல்லாம் அப்படி வாழ வேண்டும் என்று எனக்கு ஏக்கமாக இருக்கிறது.

நீ இந்த மாதம் வீட்டுச் செலவையும் பழைய கடனையும் முதலில் கட்டு. மிஞ்சுவதில் மனதார எவ்வளவு முடியுமோ அதைக் கொடு. யாரோ ஒரு பிள்ளையின் படிப்புக்குக் கொடுத்தாலும் அது காணிக்கைதான். ஏற்கெனவே தொகை சொல்லிப் பொருத்தனை பண்ணியிருந்தால், போதகரிடம் நேரில் போய் இவ்வளவுதான் முடியும் என்று சொல். துணைக்கு நான் வேண்டுமென்றால் வருகிறேன்.

தங்கச்சியிடம் இதைப் பற்றிப் பேசினாயா? கடிதத்தில் அதைக் காணோமே. முதலில் அவளிடம் பேசு, பிறகு எனக்கு எழுது.

உனக்காக ஜெபிக்கிற,
உன் நண்பன்