சென்டர் பேக்கின் தலைக்கு யார் பொறுப்பு? ஐஃபாப் வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

கால்பந்து விதிகளை எழுதும் ஐஃபாப் வாரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். வீடியோ நடுவரைப் பற்றியும் நேர விரயத்தைப் பற்றியும் உங்களுக்கு நிறையப் பேர் எழுதியிருப்பார்கள். இந்த மடல் டிஃபெண்டர்களைப் பற்றியது, அதிலும் முக்கியமாக சென்டர் பேக்குகளை, அதாவது தங்கள் கோலுக்கு முன்னால் பின்வரிசையின் நடுவில் நிற்பவர்களைப் பற்றியது. பந்து எங்கே இருந்தாலும் பின்வரிசையில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே ஆட்டம் பார்க்கிற ரகம் நான். கேட்கப்போவது ஒன்றுதான். தலையில் அடிபட்ட ஆட்டக்காரரை வெளியே அழைத்துப்போய் நிதானமாகப் பரிசோதிக்க, அந்த நேரத்துக்கு மட்டும் ஒரு தற்காலிக மாற்று வீரரை அனுமதியுங்கள். உடனே விதியாக்க மனமில்லை என்றால் சோதனை முறையிலாவது விடுங்கள்.

தலையில் அடி யாருக்கும் படலாம், பிறகு ஏன் டிஃபெண்டரின் பெயரில் கேட்கிறாய் என்று தோன்றும். அதற்குப் பழைய கதை கொஞ்சம் பேச வேண்டும்.

இன்றைக்கு நாம் பார்க்கும் சென்டர் பேக் என்ற வேலையை உண்டாக்கியதில் பெரிய பங்கு உங்களுடையது. 1925 வரை ஆஃப்சைடில் (எதிரணிக் கோலுக்கு அருகில் முன்கூட்டியே போய் நிற்பதைத் தடுக்கும் விதி) சிக்காமல் இருக்க, பந்தை வாங்குகிறவருக்கும் கோல் கோட்டுக்கும் இடையில் எதிரணிக்காரர்கள் மூன்று பேர் இருக்க வேண்டும். அந்த ஆண்டு அதை இரண்டாகக் குறைத்தீர்கள். கோல்கள் கொட்ட ஆரம்பித்தன. அதை அடைக்க, அதுவரை நடுக்களத்தில் தாராளமாகத் திரிந்துகொண்டிருந்த சென்டர் ஹாஃபைப் பின்னால் இழுத்து, இரண்டு ஃபுல் பேக்குகளுக்கு நடுவே நிறுத்தினார்கள். பயிற்சியாளர் ஹெர்பர்ட் சாப்மனின் ஆர்சனல் அணி இந்த ஏற்பாட்டைப் பிரபலமாக்கியது. ஸ்டாப்பர் என்று பெயர் வைத்தார்கள். உயரமாக இருக்க வேண்டும், துணிச்சல் வேண்டும், வருகிற பந்தையெல்லாம் தலையால் அடித்து விரட்ட வேண்டும். அவ்வளவுதான் தகுதி.

அதற்கப்புறமும் நீங்கள் சும்மா இருக்கவில்லை. 1992இல், சக ஆட்டக்காரர் காலால் தள்ளிவிடும் பந்தைக் கோல்கீப்பர் கையால் எடுக்கக் கூடாது என்றீர்கள். பந்தைத் திருப்பி கீப்பரிடம் கொடுத்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்த டிஃபெண்டர்களுக்கு அன்றோடு நிம்மதி போயிற்று. காலில் வேலை தெரியாதவர்கள் மெல்ல மெல்ல ஓரங்கட்டப்பட்டார்கள். 1998 உலகக் கோப்பையில் பின்னாலிருந்து ஆளை வீழ்த்தும் டேக்கிளுக்கு நேராக ரெட் கார்டு என்று கண்டிப்பு வந்தது. நல்ல காரியம், ஸ்ட்ரைக்கர்களின் கணுக்கால்கள் பிழைத்தன. பிறகு ஹேண்ட்பால் விதியை மாற்றி மாற்றி எழுதினீர்கள். இப்போது பெனால்டி பாக்ஸுக்குள் டிஃபெண்டர்கள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, ஓரத்திலிருந்து வரும் கிராஸைத் தடுக்க ஓடுகிறார்கள். கையை வீசாமல் ஒருமுறை திரும்பி ஓடிப் பாருங்கள், உடம்பு எப்படித் தள்ளாடுகிறது என்று தெரியும். இதைக் குறையாகச் சொல்லவில்லை (சரி, ஹேண்ட்பாலை மட்டும் கொஞ்சம் குறையாகத்தான் சொல்கிறேன்). உங்கள் புத்தகத்தில் ஒரு வரி மாறினால் ஒரு தலைமுறை டிஃபெண்டர்களின் பிழைப்பு மாறுகிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

இப்போது ஒரு நீண்ட கோல் கிக்கை எடுத்துக்கொள்வோம். பந்து மைதானத்தில் பாதித் தூரத்தை வானத்திலேயே கடந்து வருகிறது. சென்டர் பேக் இரண்டடி பின்வாங்கி, பந்து இறங்கும் இடத்தைக் கணித்து, ஓடிவந்து எழும்புகிறார். ஸ்ட்ரைக்கருக்கு அந்தப் பந்தை வெல்ல வேண்டிய கட்டாயம்கூட இல்லை. முதுகைக் காட்டிச் சாய்ந்து, டிஃபெண்டரின் குதிப்பைக் கெடுத்துவிட்டாலே போதும். குதிப்பு அரை அடி குறைந்தால் பந்து நெற்றியில் படாமல் உச்சந்தலையில் படுகிறது. சில நேரம் பந்துக்குப் பதில் இன்னொருவரின் பின்மண்டை. கீழே இறங்கியதும் தலையைத் தடவிக்கொள்ள நேரமில்லை, இரண்டாவது பந்துக்குத் திரும்ப வேண்டும். இதே வேலை கார்னரில், ஃப்ரீ கிக்கில், கிராஸில், நீண்ட த்ரோவில். தலைக்கு மேலே வருவதை விட்டுவிட்டு வேறு ஏதாவது செய்யலாம் என்ற வசதி அந்த இடத்தில் ஆடுகிறவருக்குக் கிடையாது.

இதன் விலை என்ன என்று கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் டாக்டர் வில்லி ஸ்டூவர்ட் தலைமையிலான குழு கணக்குப் பார்த்தது உங்களுக்குத் தெரியும். ஸ்காட்லாந்தின் முன்னாள் தொழில்முறை ஆட்டக்காரர்கள் 7,676 பேரைப் பொதுமக்களோடு ஒப்பிட்டு 2019இல் வெளியிட்டார்கள். இதய நோயாலும் நுரையீரல் புற்றுநோயாலும் இவர்கள் இறப்பது மற்றவர்களைவிடக் குறைவு. ஓடியாடிய உடம்புக்கு அது கிடைத்த நன்மை. ஆனால் மூளை நரம்புகள் சிதையும் நோய்களால் இறப்பது சுமார் மூன்றரை மடங்கு. 2021இல் அதே குழு ஆடிய இடத்தின்படி பிரித்துப் பார்த்தது. கோல்கீப்பர்களுக்கும் பொதுமக்களுக்கும் பெரிய வித்தியாசமில்லை. டிஃபெண்டர்களுக்குத்தான் ஆபத்து உச்சம், சுமார் ஐந்து மடங்கு. கீப்பரும் அதே அணி, அதே பேருந்து, அதே பயிற்சி மைதானம். பெரிய வித்தியாசம், அவர் பந்தைக் கையால் பிடிக்கிறார். ஹெடிங்தான், அதாவது பந்தைத் தலையால் அடிப்பதுதான் காரணம் என்று இதை வைத்து மட்டும் அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் சந்தேகப்பட இதைவிட வேறென்ன வேண்டும்?

அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது. எத்தனை ஆண்டுகள் தொழில்முறையில் ஆடினார்கள் என்பதோடு ஆபத்தும் ஏறுகிறது. மிகக் குறைந்த காலம் ஆடியவர்களுக்குச் சுமார் இரண்டு மடங்கு, நீண்ட காலம் ஆடியவர்களுக்குச் சுமார் ஐந்து மடங்கு. டிஃபெண்டர்களின் நீண்ட ஆயுளைத்தான் நாம் கொண்டாடுகிறோம். இத்தாலியின் மால்தினி 40 வயது தாண்டியும் மிலானுக்கு ஆடி 2009இல் ஓய்வு பெற்றார். போர்ச்சுகலின் பெப்பே 41 வயதில் 2024 யூரோ கோப்பையில் இறங்கினார். வேகம் குறைந்தாலும் இடமறிந்து நிற்கும் அறிவால் சென்டர் பேக்குகள் மற்றவர்களைவிட அதிக நாள் தாக்குப்பிடிக்கிறார்கள். அப்படித் தாக்குப்பிடிக்கும் ஒவ்வொரு சீசனும் அந்தத் தலையின் கணக்கிலும் ஏறுகிறது.

அதெல்லாம் பழைய தோல் பந்துக் காலத்து ஆட்டக்காரர்கள், இப்போது பந்து லேசு என்று ஒரு பதில் உண்டு. தோல் பந்து தண்ணீர் குடித்துக் கனத்தது உண்மை. ஆனால் உங்கள் இரண்டாம் விதியைப் புரட்டினால், ஆட்டம் தொடங்கும்போது பந்தின் எடை 410 முதல் 450 கிராம் வரை என்றுதான் இருக்கிறது. உலர்ந்த பந்தின் எடை 1937இலிருந்து ஏறக்குறைய அதேதான். வேகம் மட்டும் குறையவில்லை.

2019 ஏப்ரல் 30. சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியின் முதல் ஆட்டம், டாட்டன்ஹாமும் அயாக்ஸும். உயர்ந்து வந்த ஒரு பந்துக்கு டாட்டன்ஹாம் டிஃபெண்டர் யான் வெர்டோங்கன் எழும்பியபோது, அவரும் அயாக்ஸ் கோல்கீப்பர் ஒனானாவும், தன் அணியின் ஆல்டர்வெய்ரல்டும் சேர்ந்து மோதிக்கொண்டார்கள். வெர்டோங்கனின் மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. மருத்துவர்கள் மைதானத்திலேயே சில நிமிடங்கள் பார்த்தார்கள். நடுவர் அவர்களிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். ரத்தக்கறை படிந்த சட்டையை மாற்றிக்கொண்டு வெர்டோங்கன் திரும்ப உள்ளே வந்தார். கொஞ்ச நேரம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. கோட்டோரம் வந்து குனிந்தார், கால்கள் துவண்டன, இரண்டு பக்கமும் தாங்கிப்பிடித்து அழைத்துப்போனார்கள்.

அதற்குப் பிறகு ஒன்பது மாதம் தலைசுற்றலும் தலைவலியுமாக இருந்ததாக அவரே பின்னாளில் சொன்னார். அப்படியானால் ஏன் ஆடினார்? ஒப்பந்தத்தில் ஒரு வருடம்தான் மீதி இருந்தது. வேறு கிளப்புகள் தன்னைப் பார்க்க வேண்டுமே என்று ஆடினார். ஆடினார், நன்றாக ஆடவில்லை. வெளியே யாருக்கும் காரணம் தெரியாது. முப்பது தாண்டிய டிஃபெண்டர், கால் கனத்துவிட்டது, கதை முடிந்தது என்றுதான் பேசினோம். முழங்கால் போனால் ஸ்கேனில் தெரியும், கிளப்பும் காத்திருக்கும். தலைசுற்றலை எந்தப் படத்தில் காட்டுவது?

பிரான்ஸின் சென்டர் பேக் ரஃபேல் வரானின் கதையும் இதுதான். 2014 உலகக் கோப்பையில் நைஜீரியாவுக்கு எதிரான ஆட்டத்தில் தலையில் அடிபட்டு, மீதி நேரத்தை இயந்திரம்போல ஆடி முடித்ததாக 2024இல் சொன்னார். நான்கு நாள் கழித்து ஜெர்மனியோடு காலிறுதி. 13ஆவது நிமிடம் ஃப்ரீ கிக், ஜெர்மனியின் ஹும்மல்ஸ் வரானைத் தாண்டி எழும்பித் தலையால் கோல் அடித்தார். பிரான்ஸ் வெளியேறியது. 2020இல் மான்செஸ்டர் சிட்டிக்கு எதிராக ரியால் மாட்ரிட் தோற்ற ஆட்டத்தில் இரண்டு கோலுக்கும் அவரது தவறே காரணம். அதற்கு முன்பும் தலையில் ஓர் அடி. தன் வாழ்க்கையின் மிக மோசமான ஆட்டங்களில் குறைந்தது இரண்டு இப்படித் தலையில் அடிபட்ட பின்பு ஆடியவை என்று அவரே கணக்குச் சொன்னார். உலகக் கோப்பையும் நான்கு சாம்பியன்ஸ் லீக்கும் வென்றவர், 31 வயதில் ஓய்வு பெற்றார். அதற்கு உடனடிக் காரணம் முழங்கால்தான். ஆனால் தன் மகனிடம் பந்தைத் தலையால் அடிக்காதே என்று சொல்வதாக ஒரு உலக சாம்பியன் டிஃபெண்டர் சொல்லியிருக்கிறார் என்பதை யோசித்துப் பாருங்கள்.

டிஃபெண்டரின் நல்ல ஆட்டம் கண்ணில் படாது, தவறு மட்டும் படும். ஆண்டின் சிறந்த ஆட்டக்காரருக்கான பாலன் டோர் விருது கடைசியாக ஒரு டிஃபெண்டருக்குக் கிடைத்தது 2006இல், இத்தாலியின் கன்னவாரோவுக்கு. அது கிடக்கட்டும், விருது உங்கள் கையில் இல்லை.

உங்கள் கையில் இருப்பதற்கு வருகிறேன். தலையில் அடிபட்டால் கூடுதலாக ஒரு நிரந்தர மாற்று வீரரை இறக்கலாம் என்று 2021இலிருந்து சோதித்து, 2024 ஜூலையில் போட்டி நடத்துபவர்கள் விரும்பினால் பயன்படுத்தலாம் என்று விதியில் சேர்த்தீர்கள். அது ஒரு முன்னேற்றம், மறுக்கவில்லை. ஆனால் வெளியே போனால் திரும்ப முடியாது என்பதால் எல்லாமே மைதானத்தில் எடுக்கும் அந்த அவசர முடிவில் போய் நிற்கிறது. கூட்டம் கத்துகிறது, நடுவர் காத்திருக்கிறார், மருத்துவர் மண்டியிட்டுக் கேள்வி கேட்கிறார். ஓரத்தில் ஆடும் விங்கர் ஒருவர் கோட்டுக்கு வெளியே நின்றால் அணி இரண்டு நிமிடம் சமாளிக்கும். சென்டர் பேக் நின்றால் கோலுக்கு நேர் எதிரே ஓட்டை. அதுவும் அடுத்து வரப்போவது ஒரு கார்னர் என்றால்? அவர் நிச்சயம் "எனக்கு ஒன்றுமில்லை" என்றுதான் சொல்வார். இந்த விதியின் முழு பாரமும் தலையில் அதிகம் அடிவாங்கும் அதே ஆள் மேல்தான் விழுகிறது.

ரக்பியில் தலையில் அடிபட்டவரை வெளியே அழைத்துப்போய்ப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் பரிசோதிக்கிறார்கள். அதுவரை இன்னொருவர் அவர் இடத்தில் ஆடுகிறார். இதையே சோதித்துப் பார்க்க விடுங்கள் என்று ஆட்டக்காரர்கள் சங்கமான ஃபிஃப்ப்ரோவும் உலக லீக்குகளின் கூட்டமைப்பும் கேட்டன. இங்கிலாந்து பிரீமியர் லீக், பிரான்ஸின் லீக் 1, அமெரிக்காவின் எம்எல்எஸ் ஆகிய மூன்றிலும் நடத்தத் திட்டம். 2023 ஜனவரியில் நீங்கள் இடம் கொடுக்கவில்லை.

உங்கள் தரப்பு வாதம் புரியாமல் இல்லை. அறிகுறிகள் சில சமயம் தாமதமாகத்தான் வரும். பத்து நிமிடப் பரிசோதனையில் தேறியவர் பிறகு சரியலாம், அதனால் சந்தேகம் என்றாலே நிரந்தரமாக வெளியே அனுப்புவதே பாதுகாப்பு என்கிறீர்கள். காகிதத்தில் சரி. 2020 நவம்பரில் ஆர்சனல் டிஃபெண்டர் டேவிட் லூயிஸும் உல்வ்ஸ் ஸ்ட்ரைக்கர் ரௌல் ஹிமெனெஸும் தலையோடு தலை மோதிக்கொண்டபோது ஹிமெனெஸுக்கு மண்டையோடு உடைந்தது. டேவிட் லூயிஸ் தலையில் கட்டோடு இடைவேளை வரை ஆடினார். "சந்தேகம் என்றால் வெளியே" என்பது நல்ல கொள்கை. ஆனால் சந்தேகத்தை ஒத்துக்கொண்டால் அணிக்கு ஒரு டிஃபெண்டர் நிரந்தரமாகப் போய்விடுவார் என்ற நிலையில், சந்தேகமே வராது. தற்காலிக மாற்று இருந்தால் மருத்துவருக்குத் தயக்கமில்லாமல் ஆளை வெளியே அழைக்க முடியும். வெளியே, அமைதியான அறையில், பரிசோதித்தபின் நிரந்தரமாக நிறுத்துவதையும் யாரும் தடுக்கப்போவதில்லை. இரண்டும் சேர்ந்தே இருக்கலாம்.

ஆட்டத்தின் ஓட்டம் கெடும், ஏமாற்றுவார்கள் என்றும் சொல்வார்கள். தசைப்பிடிப்பு என்று புல்லில் படுத்து நேரம் கடத்துகிறவர்களை வைத்துக்கொண்டு நாம் இதைப் பேசுவது வேடிக்கைதான். தனி மருத்துவர் ஒருவர் முடிவெடுத்தால் ஏமாற்று பெருமளவு குறையும்.

ஹெடிங்கையே ஒழியுங்கள் என்று நான் கேட்கவில்லை. சிறுவர்களுக்குத் தடை, பயிற்சியில் வரம்பு என்று அந்தந்த நாட்டுச் சங்கங்கள் ஏற்கெனவே இறங்கிவிட்டன. உங்கள் வாரியத்தில் இருக்கும் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் அதில் முன்னால் நிற்பவை. 2019இல் கோல் கிக் பந்து பாக்ஸைத் தாண்டாமலே சக ஆட்டக்காரர் வாங்கலாம் என்று மாற்றினீர்கள் அல்லவா? பல அணிகள் நீளமாக உதைப்பதைக் குறைத்துப் பின்னாலிருந்து சிறு பாஸாக ஆடத் தொடங்கின. தலையைப் பற்றி யோசிக்காமலே சென்டர் பேக்குகளின் தலைக்கு ஒரு உபகாரம் செய்துவிட்டீர்கள். யோசித்துச் செய்தால் எவ்வளவு செய்யலாம்!

ஒரு விதியை மாற்ற உங்கள் எட்டு வாக்குகளில் ஆறு வேண்டும். ஃபிஃபாவிடம் நான்கு, இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்துக்குத் தலா ஒன்று. அடுத்து வரும் வருடாந்தரக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இந்தச் சோதனையை மறுபடி வையுங்கள். முன்பு கேட்ட மூன்று லீக்குகளில் ஒன்றுக்காவது ஒரு சீசன் அனுமதி கொடுங்கள். முடிவுகளை எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுங்கள். எத்தனை பேர் வெளியே அழைக்கப்பட்டார்கள், எத்தனை பேர் திரும்பினார்கள், அவர்கள் எந்த இடத்தில் ஆடுகிறவர்கள் என்பதையும் சேர்த்து. அப்படியே, உங்களுக்கு ஆலோசனை சொல்லும் குழுவில் இதை விவாதிக்கும் நாளில், தொழிலிலிருந்து ஓய்வு பெற்ற சென்டர் பேக்குகள் இரண்டு பேரையாவது கூப்பிட்டு உட்கார வைத்துக் கேளுங்கள்.

இப்படிக்கு,
பின்வரிசையைப் பார்த்தே ஆட்டம் பார்க்கும் ஒரு ரசிகன்