இணை பிரிந்த தோலுறைகள்

வட அமெரிக்கப் பூர்வகுடியினரான சூ இனத்தாரின் ஓவியம் தீட்டிய பழைய தோலுறைகளைக் காட்சிக்கு வைத்திருக்கும் அருங்காட்சியகப் பொறுப்பாளர்களுக்கும், அவற்றை ஏலம் விடும் நிறுவனத்தாருக்கும்,

வணக்கம். ‘செய்தவர் பெயர் தெரியவில்லை’ என்ற அட்டையோடு, கண்ணாடிப் பேழைக்குள் ஒற்றையாகச் சாய்ந்து கிடந்த ஓர் உறையைப் பார்த்த பிறகே இந்த மடலை எழுதுகிறேன்.

பிரெஞ்சு வணிகர்கள் பார்ஃபிளெஷ் என்றும், சூ இனத்தின் ஒரு பிரிவினரான லக்கோட்டா மக்கள் வோக்பான் என்றும் அழைத்த இந்த உறைகள் பெரும்பாலும் இரண்டிரண்டாகவே செய்யப்பட்டன. குதிரையின் இருபுறமும் பாரம் சமமாகத் தொங்க வேண்டும் என்பதே காரணம். காட்டெருமையின் பச்சைத்தோலைத் தரையில் முளையடித்து இழுத்துக் கட்டி, ஒட்டியிருந்த சதையைச் சுரண்டி எடுத்து, ஈரம் காய்வதற்குள், நுண்துளைகள் நிறைந்த எலும்புத் துண்டையே தூரிகையாகக் கொண்டு, காவி மண்ணும் கரியும் குழைத்த வண்ணங்களால் முக்கோணங்களையும் சாய்சதுரங்களையும் தீட்டியவர்கள் பெண்கள். ஒரே தோலில் இரண்டு உறைகளுக்கும் ஒரே கோலத்தை வரைந்த அந்தக் கைத்திறனை ஒற்றை உறையில் பாதிதான் பார்க்க முடியும். உள்ளே இருந்ததோ குளிர்காலத்துக்கான உலர் இறைச்சி.

1880-களில் காட்டெருமைக் கூட்டங்கள் கொன்றொழிக்கப்பட்டு, மக்கள் அரசு ஒதுக்கிய இடங்களில் அடைக்கப்பட்டபோது காட்டெருமைத் தோலுக்குப் பதிலாக மாட்டுத்தோல் வந்தது, சேகரிப்பவர்களும் வந்தார்கள். இணைகள் பலவும் அப்போதும் அதற்குப் பின்னும் விற்பனையில் பிரிந்தன. தனித்தனியாக விற்றால் இரண்டு விலை கிடைக்கும் என்ற கணக்கை நான் புரிந்துகொள்கிறேன். மன்னிக்கத்தான் மனம் வரவில்லை.

பூர்வகுடியினரின் கல்லறைப் பொருள்களையும் புனிதப் பொருள்களையும் திருப்பித் தரச் சொல்லும் 1990-ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம், அன்றாடப் புழக்கத்துக்கான இத்தகைய உறைகளைப் பெரும்பாலும் தொடுவதில்லை. தனியார் ஏலக்கூடங்கள் பொருள்களைத் திருப்பித் தர வேண்டும் என்று அது கட்டாயப்படுத்துவதுமில்லை. கட்டாயம் இல்லாத இடத்தில் வேண்டுகோள்தான் வழி.

ஆகவே, உங்களிடம் உள்ள ஒவ்வோர் உறையின் முன்பக்கத்தோடு, மடிப்புகளையும், வார் கோக்கும் துளைகளின் இடைவெளியையும் படமெடுத்து அனைவரும் பார்க்கும்படி வெளியிடுங்கள். தோல் வெடித்துவிடும் என்று பாதுகாப்பு வல்லுநர் தடுத்தால் மடிப்பைப் பிரிக்க வேண்டாம். பக்கவாட்டுப் படமே போதும். அந்தப் படங்களை லக்கோட்டா, சூ இனத்தின் மற்றொரு பிரிவான டக்கோட்டா ஆகிய சமூகங்களில் இன்றும் பச்சைத்தோலில் வேலை செய்யும் பெண்களிடம் முதலில் காட்டுங்கள். இணை கிடைத்தால், இரண்டும் வெவ்வேறு ஊர்களில் இருந்தாலும், ஒன்றின் அட்டையில் மற்றது இருக்கும் இடத்தைக் குறிப்பிடுங்கள். ‘பெயர் தெரியவில்லை’ என்பதோடு நிறுத்தாமல், ‘செய்தவர் ஒரு பெண்’ என்ற சொற்களையும் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பார்வையாளர்