அண்ணிக்கு: உப்புத் தண்ணீரும் அந்தச் சொட்டு மருந்தும்

அன்புள்ள அண்ணிக்கு,

நேற்று ராத்திரி போனில் நீங்கள் பேசியதில் பாதி எனக்குப் புரியவில்லை. அவ்வளவு மூக்கடைப்பு. "மழை விட்டா சரியாயிடும்" என்றீர்கள். போன சித்திரையில் கேட்டபோது "வெயில் தணிஞ்சா சரியாயிடும்" என்றீர்கள். நேரில் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவீர்கள், அண்ணனிடம் சொல்லி அனுப்பினால் அவர் ஆம்பூர் போய்ச் சேருவதற்குள் மறந்துவிடுவார். அதனால் எழுதுகிறேன். நாலு பேர் படிக்கும் இடத்தில் எழுதுவதற்கும் காரணம் உண்டு. நான் வேலை பார்க்கும் ஆற்காடு ரோடு மருந்துக்கடைக்குப் பேரணாம்பட்டிலிருந்தும் குடியாத்தத்திலிருந்தும் வருகிறவர்களும் மூக்கடைப்புக்கும் சைனஸுக்கும் என்ன செய்வது என்றுதான் கேட்கிறார்கள். உங்களுக்குச் சொல்வது அவர்களுக்கும் ஆகட்டும்.

முதலில் அந்தச் சொட்டு மருந்து. ஹேண்ட்பேக்கில் ஒன்று, தலையணைக்கடியில் ஒன்று வைத்திருக்கிறீர்களே, அந்தச் சின்ன பாட்டிலில் இருப்பது சைலோமெட்டசோலின். வேறு கம்பெனி பாட்டில் என்றால் ஆக்ஸிமெட்டசோலின் இருக்கும். இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்யும். மூக்குக்குள் ரத்தம் நிறைந்து வீங்கியிருக்கும் குழாய்களைச் சுருக்கிவிடும், சில நிமிஷத்தில் மூச்சு தாராளமாகப் போய்வரும். ஆனால் மருந்தின் வேகம் இறங்கியதும் அதே குழாய்கள் முன்பைவிட அதிகமாக வீங்கும். உடனே இன்னொரு சொட்டு. சளி பிடித்தால் மூன்று நாள், மிஞ்சினால் ஐந்து நாள் போட்டுவிட்டு நிறுத்த வேண்டிய மருந்து அது. மாசக்கணக்கில் போட்டால் மருந்தே அடைப்புக்குக் காரணமாகிவிடும். உங்கள் அடைப்பில் சைனஸ் எவ்வளவு, இந்த பாட்டில் எவ்வளவு என்பது பாட்டிலை நிறுத்தினால்தான் தெரியும். உங்களுக்கு பிரஷர் வேறு இருக்கிறது. பிரஷர் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது.

ஒரேயடியாக நிறுத்தினால் முதல் சில ராத்திரி தூக்கமே வராது, அது எனக்குத் தெரியும். வலது மூக்கில் மட்டும் முதலில் நிறுத்துங்கள். அந்தப் பக்கம் தானாகத் திறந்து மூச்சு வரத் தொடங்கியதும் இடது பக்கத்தையும் நிறுத்துங்கள். இடையில் கஷ்டத்தைக் குறைக்க டாக்டர் வேறு ஸ்பிரே எழுதித் தருவார். அதைக் கீழே சொல்கிறேன்.

சைனஸ் என்பது நோயின் பேர் இல்லை. முகத்து எலும்புக்குள் இருக்கும் காற்றறைகள் அவை. கன்னத்தில், நெற்றியில், கண்களுக்கு நடுவில், மூக்குக்குப் பின்னால் ஆழத்தில் என்று நாலு ஜோடி எல்லோருக்கும் உண்டு. ஒவ்வொன்றிலிருந்தும் சளி வடிய ஒரு குறுகலான வாசல் இருக்கிறது. மூக்குக்குள் வீங்கினால் அந்த வாசல் மூடிக்கொள்ளும், உள்ளே சளி தேங்கும், தேங்கியது கெட்டுப்போகும். 12 வாரத்துக்கு மேல் இது விடாமல் இருந்தால் நாள்பட்ட சைனஸ் என்கிறார்கள். சித்த வைத்தியத்தில் பீனிசம் என்று சொல்வது இந்தக் கஷ்டத்தைத்தான். அப்படியானால் செய்ய வேண்டியது வாசலைத் திறந்து வைப்பதும் தேங்கியதைக் கழுவி வெளியேற்றுவதும்தான்.

கழுவுவதற்கு உப்புத் தண்ணீரைவிட நல்ல வீட்டு வைத்தியம் நான் பார்த்ததில்லை. யோகா வகுப்பில் ஜலநேதி என்று சொல்லிக் கொடுக்கிறார்களே, அதேதான். காது மூக்கு தொண்டை டாக்டர்களும் சீட்டில் எழுதுகிறார்கள். இங்கிலாந்தில் நாள்பட்ட சைனஸ் தொல்லை உள்ள 871 பேரை வைத்து ஒரு ஆய்வு நடத்தி 2016இல் வெளியிட்டார்கள். உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவச் சொன்னவர்களுக்கு ஆறு மாதத்தில் கொஞ்சம் நல்ல பலன் தெரிந்தது. ஆவி பிடிக்கச் சொன்னவர்களுக்குத் தலைவலி குறைந்தது, மற்றதில் மாற்றமில்லை. பெரிய அதிசயம் எதுவும் நடக்கவில்லை. ஆனால் காசில்லாமல், பக்க விளைவு அதிகமில்லாமல், தினமும் செய்யக்கூடிய ஒன்று பலன் தருகிறது என்றால் அது எனக்குப் போதும்.

நீங்கள் ஏற்கனவே செய்கிறேன் என்றுதான் சொன்னீர்கள். போர் தண்ணீரை வெதுவெதுப்பாக்கி, ஒரு சிட்டிகை உப்பு போட்டு, உள்ளங்கையில் ஏந்தி உறிஞ்சுகிறேன் என்றீர்கள். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை, அண்ணி. கேரளாவில் 2024இல் மூளையைத் தின்னும் அமீபா வந்து குளத்தில் குளித்த பிள்ளைகள் இறந்ததை டிவியில் பார்த்தோம். அந்த அமீபா உள்ள தண்ணீரைக் குடித்தால் அது ஒன்றும் செய்யாது. மூக்கு வழியாகப் போனால்தான் வாசனை நரம்பைப் பிடித்துக்கொண்டு மூளைக்கு ஏறும். அமெரிக்காவில் லூசியானா மாநிலத்தில் 2011இல் இரண்டு பேர் இறந்தது குழாய்த் தண்ணீரை நேதிக் கிண்ணியில் ஊற்றி மூக்கைக் கழுவியதால். நோய் அபூர்வம்தான், ஆனால் வந்துவிட்டால் பிழைப்பது அதைவிட அபூர்வம். நீங்கள் போடுகிற அளவு உப்பு அதைக் கொல்லாது. போர் தண்ணீர், நகராட்சித் தண்ணீர், கேன் தண்ணீர் எதுவானாலும் தளதளவென்று கொதி வந்தபின் ஒரு நிமிஷமாவது கொதிக்க விட்டு, மூடி வைத்து ஆறவிட்டு, கை பொறுக்கும் சூட்டில் மட்டும் மூக்கில் விடுங்கள். வெதுவெதுப்பாக்கினால் போதாது, கொதிக்க வேண்டும். கேன் தண்ணீர் சுத்தம்தானே என்பார்கள். குடிக்கச் சுத்தம், மூக்குக்குப் போதாது.

அளவு இது: 240 மில்லி தண்ணீருக்கு அரை டீஸ்பூன் தூள் உப்பு, ஒரு சிட்டிகை ஆப்ப சோடா. சோடா எரிச்சலைக் குறைக்கும். அயோடின் கலக்காத சுத்தமான உப்பாக இருந்தால் நல்லது. அது கிடைக்கவில்லையென்றால் மருந்துக்கடையில் அளந்து கட்டிய பொட்டலமும் அழுத்தி ஊற்றும் பாட்டிலும் சேர்ந்தே கிடைக்கும், அதுவே சுலபம். வாஷ் பேசின் மேல் குனிந்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, வாயால் மூச்சு விட்டுக்கொண்டே மேல் பக்க மூக்கில் மெதுவாக விடுங்கள். தண்ணீர் மறு மூக்கு வழியாக வரும். பாதியை இந்தப் பக்கம், மீதியை அந்தப் பக்கம். முடிந்ததும் குனிந்தபடியே கொஞ்ச நேரம் நின்று வடியவிட்டு, மெல்லச் சிந்துங்கள். வேகமாகச் சிந்தினால் காதுக்கு ஏறும். காது வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். ஒரு பக்கம் முழுக்க அடைத்திருக்கும்போது அழுத்தித் தள்ளவும் வேண்டாம். படுக்கைக்குப் போகும் முன் வேண்டாம், மிச்சம் இருக்கும் தண்ணீர் படுத்ததும் தொண்டைக்கு வரும். பாட்டிலையும் கொதித்து ஆறிய தண்ணீரால் கழுவிக் கவிழ்த்துக் காயவையுங்கள். காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் ஒருமுறை, திரும்பி வந்ததும் ஒருமுறை. வந்ததும் கழுவுவது உங்களுக்கு ரொம்ப முக்கியம்.

ஏனென்றால் நீங்கள் நாள் முழுக்க ஷூ கம்பெனியில் ஒட்டுப்பசை சொல்யூஷன் வாசனையில் நிற்கிறீர்கள். வீட்டில் எதைச் செய்தாலும் மறுநாள் எட்டு மணி நேரம் அந்த ஆவி மூக்குச் சதையை எரித்துக்கொண்டே இருந்தால் வீக்கம் எப்படி வடியும்? துணி மாஸ்க்கும் ஆஸ்பத்திரி நீல மாஸ்க்கும் தூசியைக் கொஞ்சம் தடுக்கும், பசையின் ஆவியைத் தடுக்காது. கரி வடிகட்டி வைத்த மாஸ்க் வேண்டும். அதைக் கம்பெனியிடம் கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை. ஒட்டும் பகுதியிலிருந்து தையலுக்கு மாற்றித் தரச் சொல்லி சூப்பர்வைசரிடம் பேசுங்கள். டாக்டர் சீட்டு இருந்தால் பேசுவது சுலபம். இஎஸ்ஐ அட்டை இருக்கிறது, மாசம் மாசம் சம்பளத்தில் பிடிக்கிறார்கள், அதைப் பயன்படுத்த ஏன் இவ்வளவு தயக்கம்?

மற்ற வைத்தியங்களைப் பற்றியும் கேட்டீர்கள். நொச்சி இலை போட்டு வேது பிடிப்பதை விடச் சொல்ல மாட்டேன். அந்த வாசனைக்கே தலைபாரம் இறங்குவதை நானும் அனுபவித்திருக்கிறேன், ஆய்விலும் தலைவலி குறைந்ததாகத்தானே சொல்கிறார்கள். ஆனால் கொதிக்கும் பானையை மடிக்குப் பக்கத்தில் வைத்துப் போர்வைக்குள் உட்காராதீர்கள். பாத்திரத்தை மேஜையின் நடுவில் வைத்து, அடுப்பிலிருந்து இறக்கிக் கொஞ்ச நேரம் கழித்துப் பிடியுங்கள். சின்னவனைப் பக்கத்திலேயே விடாதீர்கள். ஆவி பிடிக்கப் போய் வெந்து ஆஸ்பத்திரிக்கு வரும் குழந்தைகள் உண்டு. நீர்க்கோவை மாத்திரையை உரைத்து நெற்றியில் பற்று போடுவது, தூதுவளை ரசம், மிளகுப் பால் எல்லாம் தாராளமாகச் செய்யுங்கள். இதமாக இருக்கும், கெடுதல் இல்லை.

விரலி மஞ்சளைச் சுட்டு அந்தப் புகையை இழுப்பது வேண்டவே வேண்டாம். எந்தப் புகையானாலும் வீங்கிய மூக்குக்கு எரிச்சல்தான். தலைக்குக் குளித்தபின் போடும் சாம்பிராணியும் அப்படியே. முடியைத் துண்டால் நன்றாகத் துவட்டிக் காயவைத்தால் போதும். பூண்டுச் சாறு, வெங்காயச் சாறு மூக்கில் விடச் சொல்லி யாராவது வீடியோ அனுப்பினால் அழித்துவிடுங்கள், அது சதையைப் புண்ணாக்கும். உங்கள் மாமியாரின் மூக்குப்பொடியும் கூடாது, என் அம்மாதான் என்றாலும் சொல்கிறேன், அது புகையிலை. தயிரையும் வாழைப்பழத்தையும் அடியோடு நிறுத்தியிருக்கிறீர்கள். சாப்பிட்ட அன்றைக்கே கூடுகிறது என்று உங்களுக்கே தெளிவாகத் தெரிந்தால் விடுங்கள். யாரோ சொன்னார்கள் என்பதற்காக இந்த வயசில் தயிரை விட வேண்டாம்.

இனி அந்தத் தலைவலி. வாரத்தில் ஒருநாள் வந்து, வெளிச்சம் பார்க்க முடியாமல், குமட்டலோடு இருட்டறையில் படுத்துக்கொள்கிறீர்களே, அதையும் சைனஸ் தலைவலி என்றே சொல்கிறீர்கள். எனக்கு அது ஒற்றைத் தலைவலியாக இருக்குமோ என்று சந்தேகம். அமெரிக்காவில் சைனஸ் தலைவலி என்று நம்பிக்கொண்டிருந்த சுமார் 3000 பேரைப் பரிசோதித்தபோது 88 சதவீதம் பேருக்கு ஒற்றைத் தலைவலியின் அடையாளங்கள் இருந்ததாக 2004இல் வெளியிட்டார்கள். அப்படியிருந்தால் அதற்கு வேறு மருந்து. மூக்கைக் கழுவி அது போகாது.

டாக்டரிடம் போக வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதற்காகவும்தான். மூக்குத் தண்டு வளைந்திருக்கலாம், உள்ளே சதை வளர்ந்திருக்கலாம், பூஞ்சை ஒவ்வாமையாக இருக்கலாம். ஒரே பக்கம் மட்டும் நாற்றத்தோடு சளி வந்தால் மேல் கடைவாய்ப் பல்லின் வேர் சீழ் பிடித்திருக்கலாம். உங்கள் வலது பக்கச் சொத்தையை நான் மறக்கவில்லை. இவற்றை டாக்டர் பரிசோதித்துப் பார்த்தால்தான் தெரியும். இஎஸ்ஐ டிஸ்பென்சரியிலேயே மேலே அனுப்பச் சீட்டு வாங்கலாம். இல்லையென்றால் அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது, சி.எம்.சி. இருக்கிறது. ஊர் ஊராக ரயிலேறி ஜனங்கள் வேலூருக்கு வருகிறார்கள், நீங்கள் ஆம்பூரில் இருந்துகொண்டு வராமல் இருக்கிறீர்கள்.

அங்கே பெரும்பாலும் மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரே தருவார்கள், மொமெட்டசோன், ஃப்ளூட்டிகசோன் என்று ஏதாவது. பேரைக் கேட்டுப் பயந்து வைத்துவிடாதீர்கள். மாத்திரையாகச் சாப்பிடும் ஸ்டீராய்டு போல இது உடம்பெல்லாம் பரவுவதில்லை, ரத்தத்தில் சேருவது மிகக் குறைவு. சொட்டு மருந்து மாதிரி உடனே திறக்காது, தினமும் அடித்துக்கொண்டே வந்தால் இரண்டு வாரம் போல ஆகித்தான் குணம் தெரியும். மூன்றாம் நாளே "கேக்கல" என்று பாட்டிலைத் திருப்பிக் கொண்டு வருகிறவர்களை நான் கடையில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். உப்புத் தண்ணீரால் கழுவிக் கால் மணி நேரம் கழித்து அடியுங்கள். வலது கையால் இடது மூக்கில், இடது கையால் வலது மூக்கில், வெளிப்பக்கக் காதைப் பார்த்து. நடுத்தண்டைப் பார்த்து அடித்தால் ரத்தம் வரும்.

கண் சுற்றி வீங்கினாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, கழுத்து விறைத்துக் காய்ச்சல் அடித்தாலோ இந்தக் கடிதத்தில் உள்ள எதையும் செய்ய வேண்டாம், நேராக அவசரப் பிரிவு. சர்க்கரை உள்ளவர்களுக்கு மூக்கில் கறுப்பாகப் பொருக்கு தட்டினாலோ கன்னம் மரத்துப் போனாலோ அதே மாதிரி. 2021இல் கொரோனாவுக்குப் பின்னால் கருப்புப் பூஞ்சை வந்து கண்ணை இழந்தவர்களை நாம் பார்த்தோம். பெரியப்பாவுக்குச் சர்க்கரை, அவரிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.

வருகிற சனிக்கிழமை அரை நாள் லீவு சொல்லிவிட்டு வாருங்கள். காட்பாடியில் இறங்கினால் நான் வந்து அழைத்துப் போகிறேன். இஎஸ்ஐ அட்டை, பிரஷர் மாத்திரைச் சீட்டு, போன தடவை எடுத்த எக்ஸ்ரே, இப்போது போடும் சொட்டு மருந்து பாட்டில் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். டாக்டரிடம் சொட்டு மருந்தை எத்தனை வருஷமாகப் போடுகிறீர்கள் என்று குறைக்காமல் சொல்ல வேண்டும். உப்புப் பொட்டலமும் பாட்டிலும் நான் எடுத்து வைக்கிறேன், முதல் தடவை கழுவுவதை நம் வீட்டிலேயே பக்கத்தில் நின்று செய்து காட்டுகிறேன். நாஸ்டா சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள், ஓபியில் நேரம் ஆகும்.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்,
வேலூர்