உள்ளே மாடு, வெளியே மாடு

ஆசிரியருக்கு வணக்கம்.

செப்டம்பர் 23 வந்தால் சைகை மொழி நாள் என்று ஒரு பெட்டிச் செய்தி போடுகிறீர்கள், சரி, நல்லதுதான். மறுநாள் காலையில் காது கேளாத பிள்ளைகளின் வகுப்பில் என்ன நடக்கிறது என்று யாரும் எழுதுவதில்லை. என் மகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. இப்போது மூன்றாம் வகுப்பு.

போன வருடம் ஒரு நாள் அவள் வகுப்பு ஜன்னல் ஓரம் நின்று பார்த்தேன். டீச்சர் வாயைப் பெரிதாகத் திறந்து "மாடு, மாடு" என்கிறார். பிள்ளைகள் கையை மடியில் வைத்துக்கொண்டு உதட்டையே பார்க்க வேண்டும், கை அசைந்தால் ஸ்கேலால் ஒரு தட்டு. நீங்களே கண்ணாடி முன் நின்று சத்தமில்லாமல் மாடு, பாடு என்று சொல்லிப் பாருங்கள். மணம், பணம். உதட்டில் இரண்டும் ஒன்றுதான். ககரம் எல்லாம் தொண்டைக்குப் பக்கத்திலேயே முடிந்துவிடும், வெளியே தெரியவே தெரியாது.

இடைவேளை விட்டதும் அதே பிள்ளைகள் வேப்பமரத்தடியில் கையால் பேசித் தள்ளுகிறார்கள். முந்தின நாள் எங்கள் தெருவில் மாடு துரத்திய கதையை என் மகள் கொம்பில் தொடங்கி, செருப்பு கழன்று விழுந்தது வரை சொல்ல, மற்றதுகள் விழுந்து விழுந்து சிரிக்கின்றன. உள்ளே அரை மணி நேரமாக "மாடு" வராமல் அடி வாங்கியதும் இவள்தான்.

சைகை பழகினால் பேச்சு வராது என்பார்கள். 1880இல் இத்தாலியின் மிலானில், காது கேளாதோர் கல்விக்கான உலக மாநாட்டில் கூடியவர்கள் இதைச் சொல்லித்தான் வகுப்பறையிலிருந்து சைகையை விரட்டினார்கள். அதே மாநாட்டின் வாரிசுகள் 2010இல் கனடாவின் வான்கூவரில் வருத்தம் தெரிவித்துவிட்டார்கள், நம் ஊருக்குச் சேதி வந்து சேரவில்லை போல. அறுவை செய்து காதுக்குள் பொருத்தும் காக்ளியர் கருவி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரி பலிப்பதில்லை, பலிக்கிறதா என்று பார்க்கும்வரை மொழியே இல்லாமல் பிள்ளையை உட்கார வைக்கவும் முடியாது.

இத்தனைக்கும் இந்திய சைகை மொழி நமக்கு ஒன்றும் அந்நியமில்லை, "உன் பெயர் என்ன" என்று நாம் கேட்பது போலவே அதிலும் கேள்விச் சொல் கடைசியில்தான் வரும். டெல்லியில் இதற்கென்றே உள்ள மத்திய நிறுவனம் 10,000 சொல் கொண்ட அகராதியை 2021லேயே வெளியிட்டுவிட்டது. சைகை மொழி தெரிந்த ஆசிரியர்களை, மாற்றுத்திறனாளி ஆசிரியர்கள் உட்பட, நியமிக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே சொல்கிறது. அப்புறம் என்ன தடை?

ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை கணக்கும் அறிவியலும் சைகையிலேயே நடக்கட்டும், அதன் வழியாகத் தமிழை எழுதவும் படிக்கவும் கற்றுக்கொடுக்கட்டும். வேலைக்கு எடுக்கும்போது சான்றிதழை மட்டும் பார்க்காமல், ஒரு குழந்தையை எதிரில் உட்கார வைத்து ஒரு கதை சொல்லச் சொல்லுங்கள், தெரிந்துவிடும். சைகை மொழி கற்பிக்கவே பட்டயம் படித்த காது கேளாதவர்கள் இருக்கிறார்கள், முதலில் அவர்களைக் கூப்பிடுங்கள்.

எங்களைப் போன்ற பெற்றோருக்கும் சனிக்கிழமை ஒரு வகுப்பு வைத்தால் புண்ணியமாகப் போகும். யூடியூப் பார்த்து நான் கற்ற சைகைக்கு என் மகள் இன்னும் தலையில் அடித்துக்கொள்கிறாள்.

இப்படிக்கு,
ஒரு தாய், தென்காசி மாவட்டம்