வகுப்பு நடக்கும் அந்த இரண்டு மணி நேரம்

வார இறுதித் தமிழ்ப் பள்ளி
சாட்ஸ்வொர்த், டர்பன்

அன்புள்ள பெற்றோருக்கும், பிள்ளைகளை அழைத்து வரும் தாத்தா, ஆயாமாருக்கும் வணக்கம்.

சனிக்கிழமை காலை 9 மணிக்குப் பிள்ளைகள் வகுப்புக்குள் போனால் 11 மணிக்குத்தான் வெளியே வருகிறார்கள். அதுவரை உங்களில் பெரும்பாலோர் வாசலில் காருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறீர்கள். சாலையில் தனியாக நடக்கப் பயமாக இருக்கிறது என்று அம்மாமார் பலர் சொல்வது நியாயமே. அதனால் அடுத்த சனிக்கிழமை முதல் பள்ளித் திடலை உங்களுக்காகத் திறந்து வைக்கிறோம். வெளி வாசல் பூட்டியிருக்கும், காவலர் இருப்பார். திடலின் ஓரமாக ஒரு சுற்று 300 மீட்டர். இறங்கி நடக்க வாருங்கள் என்று கேட்கவே இந்தக் கடிதம்.

சுகரும் மாரடைப்பும் நம் வம்சத்தில் எழுதியிருக்கிறது என்று பேசிப் பேசியே நாம் கையைக் கட்டிக்கொண்டோம். வம்சத்துக்குப் பங்கு உண்டு. ஆனால் தென்னாப்பிரிக்கா உட்பட 52 நாடுகளில் நடந்து 2004இல் வெளியான இண்டர்ஹார்ட் ஆய்வு, முதல் மாரடைப்பு ஆபத்தில் சுமார் 90 சதவீதத்தை ஒன்பது காரணங்களுக்குள் அடக்கிக் காட்டியது. புகை, கெட்ட கொழுப்பு, பிரஷர், சுகர், வயிற்றுப் பருமன், மன அழுத்தம், காய்கனி குறைவு, உடலுழைப்புக் குறைவு, குடிப்பழக்கத்தின் தன்மை ஆகியவையே அவை. தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு மற்றவர்களைவிட ஐந்தாறு ஆண்டுகள் முன்னதாக, 53 வயதையொட்டி வந்திருந்தது. இந்தக் காரணங்கள் அவர்களிடம் இளவயதிலேயே சேர்ந்துவிடுவதே அதற்கு முக்கியக் காரணம். இவற்றில் பல மாற்றக்கூடியவை.

1860இல் ட்ரூரோ கப்பலில் ஒப்பந்தக் கூலிகளாக இங்கே வந்து இறங்கிய நம் முன்னோரும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும் கரும்புக் காட்டில் விடிந்ததிலிருந்து வெட்டிச் சுமந்தார்கள். அவர்கள் சாப்பிட்ட சோறு உழைப்பிலேயே எரிந்தது. சோற்றின் அளவு நம் தட்டில் அப்படியே இருக்கிறது, கூடவே நெய்யும் இறைச்சியும் சேர்ந்துவிட்டன. உழைப்புதான் இல்லை. கை கால் மெலிந்து வயிறு மட்டும் தள்ளியிருப்பது நமக்குப் பழகிய உருவம். எடை சரியாக இருந்தாலும், குடலைச் சுற்றிச் சேரும் அந்தக் கொழுப்புதான் சுகரையும் பிரஷரையும் கூட்டிக்கொண்டு வருகிறது. அளக்க ஒரு டேப் போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை வெளியே விட்டபின் அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எட்டினால் எச்சரிக்கை.

நடக்கும்போது உடம்பில் என்ன நடக்கிறது? சுருங்கி விரியும் தசை, இன்சுலினுக்குக் காத்திராமலே ரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. ரத்த ஓட்டம் வேகமாகும்போது குழாய்களின் உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடு சுரக்கிறது. அதனால் குழாய் தளர்ந்து பிரஷர் இறங்குகிறது. ஆனால் இந்தப் பலன் ஓரிரு நாளில் தேய்ந்துவிடும். சனிக்கிழமை மட்டும் நடந்தால் போதாது என்பதற்கு அதுதான் காரணம். தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடக்கூடாது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் குறைந்த அளவு வாரத்துக்கு 150 நிமிடம். இங்கே சனிக்கிழமை 50 நிமிடம், மற்ற ஐந்து நாள் இருபது இருபது நிமிடம் நடந்தால் கணக்கு சரி. அந்த இருபதை இரவுச் சாப்பாடு முடிந்த கையோடு வீட்டு முற்றத்திலேயே நடந்தால் சுகர் உள்ளவர்களுக்கு இரட்டைப் பலன். வாரம் இருமுறை நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பத்துப் பத்து தடவையாக எழுந்து உட்காருங்கள். தொடைத் தசை வலுக்கும்.

வேகத்தைக் கைக்கடிகாரத்தில் தேட வேண்டாம். பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது: அதுதான் சரியான வேகம். இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு நாடித்துடிப்பு அவ்வளவாக ஏறாது. அவர்கள் நாடியைப் பார்த்து ஏமாந்து அளவுக்கு மீறி நடந்துவிடலாம். பல ஆண்டு நடக்காதவர்கள் முதல் வாரம் பத்து நிமிடத்தோடு நிறுத்துங்கள், வாரம் ஐந்து நிமிடம் கூட்டுங்கள். முதல் ஐந்து நிமிடமும் கடைசி ஐந்து நிமிடமும் மெதுவாக நடங்கள்.

தவறு பெரும்பாலும் நேர்வது அவசரத்தில்தான். வருடம் முழுக்க உட்கார்ந்திருந்துவிட்டு ஒரே நாளில் உயிரைக் கொடுத்து ஓடும் உடம்பில், குழாய்ச் சுவரில் படிந்த கொழுப்புத் திட்டு வெடித்து ரத்தம் உறையலாம். மூச்சைப் பிடித்துக்கொண்டு கயிறு இழுக்கும்போது பிரஷர் சட்டென்று எகிறும். அதனால் இந்த ஆண்டு விளையாட்டு விழாவில் அப்பாமாரின் கயிறு இழுக்கும் போட்டி கிடையாது, குடும்பத்தோடு தொடர்நடைதான். வருத்தப்படுவோர் இருப்பார்கள் என்று தெரியும். முடிவில் மாற்றமில்லை.

நடக்கும்போது நெஞ்சு இறுகுபவர்கள், படியேறினால் மூச்சு வாங்குபவர்கள், மாரடைப்பு வந்தவர்கள், பிரஷர் கட்டுப்படாதவர்கள் ஆகியோர் டாக்டரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். அரசு கிளினிக்கில் பிரஷர் பார்க்கக் கட்டணமில்லை. ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்தபின், கையை இதய மட்டத்தில் வைத்துப் பாருங்கள். 140/90 திரும்பத் திரும்ப வந்தால் அது பிரஷர் நோய்தான். இன்சுலின் போடுபவர்கள் சட்டைப்பையில் இனிப்பு வைத்திருங்கள். மூடிய காலணி போட்டு, வீட்டுக்குப் போனதும் பாதத்தைப் பாருங்கள். நடக்கத் தொடங்கிவிட்டோமே என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

நெஞ்சில் பாரம், இடது கை, தாடை அல்லது முதுகில் வலி, குளிர்ந்த வியர்வை வந்தால் வாயு என்று சொல்லிச் சோடா குடித்துக்கொண்டு காத்திருப்பது ஆபத்து. பெண்களுக்கும் சுகர் உள்ளவர்களுக்கும் நெஞ்சு வலியே இல்லாமல் மூச்சுத் திணறலும் குமட்டலும் மட்டும் வரலாம். உடனே ஆம்புலன்ஸுக்கு 10177, செல்போனிலிருந்து 112. சுருண்டு விழுந்து மூச்சு இல்லாமல் கிடந்தால் நெஞ்சின் நடுவில் 5 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துங்கள். உதவி வரும்வரை நிறுத்தாதீர்கள்.

சாப்பாட்டைப் பற்றி ஒன்றிரண்டு சொல்கிறேன். ஒரு நாளைக்கு மொத்த உப்பு ஒரு தேக்கரண்டிக்குள், அதாவது 5 கிராமுக்குள் இருக்க வேண்டும். இந்நாட்டுச் சட்டம் அனுமதிக்கும் அளவிலேயே 100 கிராம் பிரெட்டில் ஏறத்தாழ ஒரு கிராம் உப்பு இருக்கிறது. கால் பிரெட்டைக் குடைந்து கறி நிரப்பிய பன்னி சாவ் வாங்கினால் கறியின் உப்பும் ஊறுகாயும் அதன் மேல்தான். புரட்டாசியில் கறி மீனை விடுகிறோம், நல்லதுதான். ஆனால் அந்த இடத்தை வடையும் பூரியும் உருளைக்கிழங்கும் பிடித்துக்கொண்டால் இதயத்துக்கு லாபமில்லை. பருப்பு, கீரை, பீன்ஸ் பக்கம் திருப்புங்கள். நம் பள்ளி வாசலிலும் இனி வடைக்குப் பதில் சுண்டல் விற்கும். ஹப்ளி பப்ளி எனும் ஹுக்காவில் தண்ணீர் வழியே வருவதால் புகை சுத்தமாகிவிடுவதில்லை. நிகோட்டினும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவும் உள்ளே போகத்தான் செய்கின்றன. பெரிய பிள்ளைகள் உள்ள வீடுகளில் இதைச் சொல்லியே ஆக வேண்டும். சிகரெட்டை விட்டவருக்கு ஓராண்டிலேயே இதயநோயின் கூடுதல் ஆபத்து பாதியாகிறது.

பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு 60 நிமிடம் ஓடியாடும் விளையாட்டு வேண்டும். அதை நாங்கள் வகுப்பில் ஈடுகட்ட முடியாது. தமிழ் வீட்டுப்பாடத்தை விளையாடி முடித்தபின் எழுதட்டும்.

தொப்பியும் தண்ணீரும் கொண்டு வாருங்கள். ஜனவரி, பிப்ரவரி புழுக்கத்தில் சுற்றுகளைக் குறைத்துக்கொள்ளுங்கள். மழை பெய்தால் மண்டபத்துக்குள் நடப்போம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்