'பரிசீலிக்க உத்தரவு' வாங்கினால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

முதியோர் உதவித்தொகை நின்றுபோனால் அரசியல் சட்டப் பிரிவு 226-ன் கீழ் அதிகாரியின் முடிவை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம் என்பது பலருக்கும் தெரியும். அதில் என்ன கேட்பது என்பதில்தான் கோட்டை விடுகிறார்கள்.

"என் மனுவைப் பரிசீலிக்க தாசில்தாருக்கு உத்தரவிட வேண்டும்" என்று கேட்டால், எட்டு அல்லது பன்னிரண்டு வார அவகாசத்தில் பரிசீலிக்கும்படி உத்தரவு சுலபமாகக் கிடைக்கும். தாசில்தாரும் பரிசீலித்து, 'தகுதியில்லை' என்று ஒற்றை வரி எழுதிவிடுவார். பரிசீலித்துவிட்டதால் நீதிமன்ற அவமதிப்பு வழக்கும் நிற்காது. மறுபடி முதலிலிருந்து!

கேட்க வேண்டியது, நிறுத்திய உத்தரவை ரத்து செய்து, நின்ற மாதத்திலிருந்து நிலுவையோடு வழங்க வேண்டும் என்பதே. வக்கீல்கள் செர்ஷியோரரிஃபைட் மாண்டமஸ் என்பது இதைத்தான். அதற்கு உத்தரவின் நகல் வேண்டும். பெரும்பாலும் காகிதமே தருவதில்லை, பணம் மட்டும் வராது. ஆகவே முதலில் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு கொடுங்கள். கட்டணம் 10 ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளோர் சான்று இணைத்தால் அதுவும் இல்லை. நிறுத்திய உத்தரவு, கள விசாரணை அறிக்கை, முன்கூட்டி நோட்டீஸ் தந்ததற்கான ஆதாரம் மூன்றையும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். 'நோட்டீஸ் தரவில்லை' என்று பதில் வந்தால் வழக்கின் பலமே அதுதான்.

மகன் சோறு போடுகிறாரா இல்லையா என்று உயர் நீதிமன்றம் விசாரிக்காது. முடிவெடுத்த முறை சரியா என்றுதான் பார்க்கும். உத்தரவில் எழுதாத காரணத்தை அரசு பின்னால் பதில் மனுவில் சேர்க்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் மொகிந்தர் சிங் கில் வழக்கில் 1977-லேயே சொல்லிவிட்டது. உத்தரவில் 'மகன் வசதியானவர்', பதில் மனுவில் 'நிலம் இருக்கிறது' என்றிருந்தால் விடாதீர்கள்.

'மேல்முறையீடு செய்யாமல் நேரே வந்துவிட்டார்' என்பது அரசு வழக்கறிஞரின் வழக்கமான ஆட்சேபம். மகளிர் உரிமைத் தொகை மறுக்கப்பட்டவர்களுக்கு இ-சேவை மூலம் 30 நாளுக்குள் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்ய வழி தரப்பட்டது. அத்தகைய வழியைத் தாண்டி வந்தால் மனு பெரும்பாலும் திரும்பிவிடும். விளக்கம் கேட்காமலே நிறுத்தியிருந்தால், மேல்முறையீடு செய்யாமலும் நேரே உயர் நீதிமன்றம் வரலாம் என்ற உச்ச நீதிமன்றத்தின் 1998-ன் வேர்ல்பூல் தீர்ப்பு கைகொடுக்கும். திங்கட்கிழமை ஆட்சியரிடம் கொடுக்கும் மனு மேல்முறையீடு அல்ல. எத்தனை கொடுத்தாலும், வழக்கு போடத் தாமதித்ததற்கு அது பதிலும் ஆகாது.

ஜெயித்தாலும் பல வழக்குகள் அதே அதிகாரியிடம் மறுவிசாரணைக்கே திரும்பும். எனவே விசாரணை முடியும்வரை தொகையைத் தொடரவும் மனுவிலேயே கேட்டுவிடுங்கள்.

பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. சென்னையிலும் மதுரைக் கிளையிலும் உள்ள உயர் நீதிமன்ற சட்டப்பணிகள் குழுவில் விண்ணப்பிக்கலாம். கன்னியாகுமரி முதல் திருச்சி, தஞ்சாவூர், கரூர் வரை உள்ளவர்கள் மதுரைக்குத்தான் போக வேண்டும்.

- வழக்கறிஞர் ஒருவர், மதுரை