மணாலி–லே படப்பிடிப்பு: அனைவரும் படிக்கவும்

நண்பர்களே, வணக்கம்.

மணாலியிலிருந்து லடாக்கின் லே நகர் வரையிலான சைக்கிள் பயணத்தை ஆவணப்படமாக எடுப்பது உறுதியாகிவிட்டது. ஓட்டுகிறவர்கள், கேமரா எடுக்கிறவர்கள் எல்லோரும் இதைப் படித்துவிடுங்கள்.

வழியில் வரும் தங்லாங் லா கணவாய் 5,300 மீட்டர் உயரத்துக்கு மேல். அங்கே மூச்சு வாங்க ஏறி வந்தவரிடம் "ஷாட் சரியில்லை, இன்னொரு தடவை ஏறி வாங்க" என்று யாரும் கேட்கக் கூடாது. கிடைத்ததுதான் காட்சி, இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். தலைவலியோடு குமட்டலும் தள்ளாட்டமும் வந்தால் கேமராவை அணைத்துவிட்டு ஆளைக் கீழே இறக்குங்கள்.

கேட்டா லூப்ஸ் என்ற மலைச்சாலை ஏற்றத்தின் 21 வளைவுகளைக் கீழிருந்து நீளமாக எடுப்போம். அந்த ஏற்றத்தின் உழைப்பு அப்போதுதான் புரியும்.

வழியில் சாலை போடும் தொழிலாளர்களில் பலர் ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள். பேசி, சம்மதம் வாங்கிய பிறகே படமெடுங்கள். அவர்கள் இல்லாமல் அந்தச் சாலையே இல்லை. படத்திலும் அவர்களுக்கு இடம் வேண்டும்.

குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், இரவில் ஸ்லீப்பிங் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். காற்று இரைச்சல் மோசம், பேட்டிகள் கூடாரத்துக்குள்தான். டிரோனுக்கு அனுமதி கையில் வராமல் எடுத்து வர வேண்டாம். அன்றன்றைய காட்சிகளை இரண்டு ஹார்டு டிஸ்கில் நகலெடுத்து, வெவ்வேறு வண்டியில் வைக்க வேண்டும்.

ஹார்டு டிஸ்க் தர முடிந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் இங்கேயே சொல்லுங்கள்.